ஏழாவது லோரி

டாங்கி எல்லாரும் செய்கிறார்கள்.
நான் லோரிதான்.
எழுபத்திரண்டில் ஒரு பங்கு,
ஆள்காட்டி விரலைவிடக் கொஞ்சம் நீளம்.
ஆறு சக்கரம், இரண்டு கதவு.
ஓட்டுநர் இல்லை,
பெட்டியில் அவன் வரவில்லை.

பாயான் லெப்பாஸில் பகலெல்லாம்
நிஜ லோரிகளுக்குச் சீட்டு எழுதுகிறேன்.
எது எத்தனை மணிக்கு, எந்தக் கதவில்,
எவன் கையெழுத்துக்காக நிற்கிறது.
ஒரு லோரி வராவிட்டால்
ஒரு தொழிற்சாலை எப்படி வாயைப் பிளந்து நிற்கும் என்று
எனக்குத் தெரியும்.
பீரங்கிக்கும் அதே வாய்தான்.

இரவில் சாப்பாட்டு மேசையில் பாதி எனக்கு.
மறுபாதியில் குணாளனின் நாலு நம்பர் கணக்கு.
மருந்துக்கடை காஸ் துணி ஒரு சாண்
கோப்பி ஓவில் ஊறிக் காய்ந்தால் வலை.
தேத்தண்ணிச் சக்கையைப் பொடித்தால்
ரப்பர் தோட்டத்துத் தரை.
பச்சைதான் கிடைப்பதில்லை.
டப்பாவில் காட்டுப் பச்சை என்று போட்டிருக்கிறது,
எந்தக் காட்டுக்கு?

பாலிக் பூலாவ் வளைவில் மோட்டாரை நிறுத்தி
டுரியான் மரத்தடியில் நின்று பார்த்தேன்.
இலைக்கு மேலே பச்சை, அடியில் செம்பு,
உச்சி வெயிலில் நிழல் ஊதா.
அன்றிலிருந்து என் லோரிக் கூரைகளில்
கொஞ்சம் ஊதா உண்டு.
"கத்திரிக்காய் ஏத்தப் போறியா?" என்கிறான் குணாளன்.

மறைப்பது பூசுவது இல்லை.
நேர்க்கோட்டைக் கொல்வது.
காட்டில் நேர்க்கோடு கிடையாது, அதனால்
கூரை விளிம்பை, கதவு மூலையை, சக்கரத்தின் வட்டத்தை
தூரிகை கடித்துத் தின்ன வேண்டும்.
முன்கண்ணாடியில் சேறு,
வைப்பர் துடைத்த பிறையை மட்டும் விட்டு.
அது வழியாகத்தான்
அந்த இல்லாத ஆள் சாலையைப் பார்ப்பான்.

நவம்பர் மழையில் ஏழாவதின் மேல்பூச்சு
பால் பூத்துவிட்டது.
சுரண்டிவிடலாம் என்று கத்தியை எடுத்தேன்.
விடிகாலை மூடுபனி மாதிரி இருந்தது.
கத்தியை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை, பூலாவ் தீக்குஸ்,
பல் டாக்டர் கடைக்கு மேல்மாடி.
ஆறடிக்கு நாலடி மேசையில் ஒரு நதி, ஒரே பாலம்.
அந்தப் பக்கம் ஹெங் வெய்.
நடுவர் அஸ்ஹாரி, கழுத்தில் அளவு நாடாவோடு
தையல்காரர் போல.
ஐந்து லோரி பாலம் தாண்டினால் எனக்கு ஜெயம்.

பகடை உருண்டது.
ஒன்று எரிந்தது. அதன்மேல்
கறுப்பு மை தோய்த்த பஞ்சை வைத்தான் ஹெங் வெய்,
மரியாதையோடு.
பிறகு இன்னொன்று.
நாலு தாண்டியது.
ஐந்து மணிக்கு மணியடித்தார் அஸ்ஹாரி,
கை குலுக்கினோம், தோற்றேன்.

மரங்களைப் பெட்டியில் அடுக்கும்போதுதான்,
ரப்பர் வரிசைக்கு அடியில்,
பாலத்துக்கு மூன்றே அங்குலம் தள்ளி,
அது.
முதல் சுற்றில் வைத்த இடத்திலேயே.
ஹெங் வெய் சுடவில்லை, பார்க்கவில்லை.
நான் நகர்த்தவில்லை, நானும் பார்க்கவில்லை.
என் பிறைக்கண்ணாடி, என் ஊதா, என் மூடுபனி.
ஹெங் வெய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
அஸ்ஹாரி விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.
செய்தவளே மறந்த வண்டிக்கு
அதில் பக்கம் இல்லை.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
குழியில் போட மனம் வரவில்லை.

திங்கட்கிழமை நாலாம் கதவில்
ஒரு லோரி கணக்கில் உதைத்தது.
திரையில் இல்லை, சீட்டில் இல்லை.
இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
கண்ணாடியில் ஈப்போவிலிருந்து வந்த சேறு.
உள்ளே ஒருவன், வாய் திறந்து, நல்ல தூக்கம்.
தட்டினேன்.
மூன்று மணி நேரமாக நிற்கிறானாம்.
"யாரும் கூப்பிடல, அக்கா" என்றான்,
கோபம் இல்லாமல்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.
இன்றிரவு மீந்த பிளாஸ்டிக் குச்சியில்
ஒரு தலை செதுக்க வேண்டும்,
அரிசி அளவு.